இலையைக் கருக்கும் மருந்து

பார்க்கின்சன் நோயாளியிடம் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால், கை நடுங்கத் தொடங்கிய மாதத்தைச் சொல்வார். வீட்டிலுள்ளவர்களைக் கேட்டால் கணக்கு இன்னும் பின்னால் போகும். ரசம் தாளிக்கும் வாசனை தெரியவில்லை என்று அவர் சொன்னது நாலைந்து வருடத்துக்கு முன்பு. மலச்சிக்கலுக்கு மருந்து சாப்பிடத் தொடங்கியது அதற்கும் முன்பு. தூக்கத்தில் கையையும் காலையும் வீசி யாரையோ அதட்டியது எப்போதென்றே நினைவில்லை. நடுக்குவாதம் என்று தமிழில் பெயர் பெற்ற இந்த நோயில் நடுக்கம் தாமதமாக வந்து சேரும் அடையாளங்களுள் ஒன்று. வந்த பிறகு, கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் மாத்திரை உருட்டுவதுபோல் ஓயாமல் உரசிக்கொண்டிருக்கும். நடக்கும்போது ஒரு கை மட்டும் வீசாமல் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். வரியின் தொடக்கத்தில் வழக்கமான அளவில் இருக்கும் கையெழுத்து, வரி முடிவதற்குள் எறும்பு ஊர்ந்ததுபோல் சிறுத்துவிடும்.

லண்டனின் ஹாக்ஸ்டன் பகுதியில் மருத்துவம் பார்த்த ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் ஆறு பேரை வைத்து இந்த நோயை விவரித்தார். அவர்களில் சிலரை அவர் தெருவில் கண்டதோடு சரி. தொட்டுப் பார்த்துச் சோதித்ததில்லை. நோய் குடியிருக்கும் இடம் தெளிவாக மேலும் நூறாண்டு ஆயிற்று. நடுமூளையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் இருபுறமும் கரிய பட்டை ஒன்று வெறுங்கண்ணுக்கே தெரியும். மருத்துவ நூல்கள் அதை சப்ஸ்டான்ஷியா நைக்ரா, அதாவது 'கரும்பொருள்' என்கின்றன. நோயாளியின் மூளையில் இந்தப் பட்டை வெளிறிக் கிடக்கும். அங்குள்ள நரம்பணுக்கள் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரந்து, உடலசைவுகள் தங்குதடையின்றி நடக்க உதவுகின்றன. அந்த அணுக்களில் ஏறத்தாழ பாதியோ அதற்கு மேலோ மடிந்த பிறகுதான் கை நடுங்குகிறது, நடை தளர்கிறது. மருத்துவரிடம் போகும் நாளில் நோய்க்கு ஏற்கெனவே பல ஆண்டு வயது.

அந்த அணுக்கள் ஏன் மடிகின்றன? முதுமை ஒரு காரணம். நோயாளிகளில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்குக் குடும்பத்திலும் நோய் உண்டு. பார்க்கின், எல்ஆர்ஆர்கே2, ஜிபிஏ போன்ற மரபணுக்களின் பிழைகள் அடையாளம் காணப்பட்டுள்ளன. மற்றவர்களுக்குச் சூழலிலிருந்து ஏதோ வந்து சேர்கிறது என்ற சந்தேகம் பழையது. அந்தச் சந்தேகத்துக்கு உருவம் கொடுத்தது வயலோ தோட்டமோ அல்ல, கலிபோர்னியாவின் போதை மருந்துச் சந்தை.

1982-இல் சான் ஹோசே நகரத்தின் சாண்டா கிளாரா வேலி மருத்துவமனைக்கு ஒருவர் கொண்டுவரப்பட்டார். கண் விழித்திருந்தது, உடல் சிலைபோல் உறைந்திருந்தது. வட கலிபோர்னியாவில் அதே போல உறைந்துபோன வேறு சிலரும் அடுத்தடுத்துத் தெரியவந்தனர். பார்க்கின்சன் வரும் வயதல்ல யாருக்கும். எல்லோரும் ஊசி வழியே 'செயற்கை ஹெராயின்' ஏற்றிக்கொண்டவர்கள். நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டனும் உடன் வேலை செய்தவர்களும் அந்தப் பொடியைப் பகுத்துப் பார்த்தார்கள். அரைகுறையாகச் சமைத்ததில் எம்பிடிபி என்ற துணைப்பொருள் அதில் உருவாகியிருந்தது. நோயாளிகளுக்கு வழக்கமான பார்க்கின்சன் மருந்தான லெவோடோபாவைக் கொடுத்ததும் உடல் அசைந்தது. வெளியிலிருந்து உடம்புக்குள் போகும் எளிய மூலக்கூறு ஒன்றே கரும்பட்டையை அழித்துவிடும் என்பது 1983-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியாகி உலகத்துக்குத் தெரிந்தது.

எம்பிடிபி தானாகக் கொல்வதில்லை. மூளைக்குள் நுழைந்ததும் அங்குள்ள நொதி ஒன்று அதை எம்பிபி+ என்ற வேறொரு பொருளாக மாற்றுகிறது. டோபமைன் அணுக்களில், சுரந்த டோபமைனைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் வாசல் ஒன்று உண்டு. எம்பிபி+ அந்த வாசலை ஏமாற்றி உள்ளே போய், அணுவின் மின் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவில் 'காம்ப்ளெக்ஸ் ஒன்று' எனப்படும் முதல் படியை அடைத்துவிடுகிறது. அணுவுக்கு ஆற்றல் நின்றுபோகிறது. பக்கத்து அணுக்களுக்கு அந்த வாசல் இல்லாததால் அவை தப்புகின்றன.

எம்பிபி+ வேதியியலாளர்களுக்குப் புதுமுகம் அல்ல. சைப்பர்குவாட் என்ற பெயரில் களைக்கொல்லியாகச் சோதிக்கப்பட்ட பொருளேதான் அது. அதற்கு அண்ணன்போலத் தோற்றம் கொண்ட இன்னொரு களைக்கொல்லி அப்போதே உலகெங்கும் விற்பனையில் இருந்தது. அதன் பெயர் பாராகுவாட்.

பாராகுவாட் முதன்முதலில் தயாரிக்கப்பட்டது 1882-இல். நெடுங்காலம் அது ஆய்வகத்தில் நிறம் மாறிக் காட்டும் பொருளாக மட்டுமே பயன்பட்டது. பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் 1955-இல் அதன் களை கொல்லும் குணத்தைக் கண்டுபிடித்து, 1962-இல் 'கிராமக்சோன்' என்று சந்தைக்கு விட்டது. பச்சை இலையில் பட்டதும் அது ஒளிச்சேர்க்கையில் ஓடும் எலக்ட்ரானைத் திருடி ஆக்சிஜனிடம் கொடுக்கிறது. ஆக்சிஜன் வெறிபிடித்த வடிவம் எடுத்து இலையின் சவ்வுகளைக் கிழிக்கிறது. கொடுத்த கையோடு பாராகுவாட் பழைய நிலைக்குத் திரும்பி அடுத்த எலக்ட்ரானைத் திருடப் போய்விடும்; அதாவது தான் செலவாகாமலே அழித்துக்கொண்டிருக்கும். வெயில் ஏற ஏற வேலை வேகமாகும். காலையில் அடித்தால் சாயங்காலம் களை துவண்டிருக்கும். ஓரிரு நாளில் தீப்பட்டதுபோல் கருகும். மண்ணில் விழுந்தது களிமண்ணோடு இறுக ஒட்டிக்கொள்வதால் பயிரின் வேருக்குப் பாதிப்பில்லை. தேயிலை, ரப்பர் தோட்ட முதலாளிகளுக்கு இதைவிடத் தோதான மருந்து கிடைத்திருக்காது. தமிழ்நாட்டு விவசாயி பேச்சில் நோய் தீர்ப்பதும் மருந்து, களை எரிப்பதும் மருந்து. இந்த ஒரு சொல் செய்திருக்கும் சேதத்தைத் தனியாகவே எழுதலாம்.

மனிதர் குடித்தால் ஒரு மிடறே போதும். நுரையீரல் நாட்கணக்கில் மெல்ல இறுகி மூச்சு நிற்கும். மாற்று மருந்து கிடையாது. தவறிக் குடிப்பதைத் தடுக்கத்தான் நீலச் சாயமும், துர்நாற்றமும், வாந்தி வரவழைக்கும் பொருளும் பின்னாளில் சேர்க்கப்பட்டன. இலங்கை 2008-க்கும் 2011-க்கும் இடையில் பாராகுவாட்டைப் படிப்படியாக விலக்கியது தற்கொலைகளுக்காக, பார்க்கின்சனுக்காக அல்ல. உடனே கொல்லும் நஞ்சு எல்லோர் கண்ணிலும் படும். இருபது வருடம் கழித்துக் கையை நடுங்க வைப்பதாகச் சொல்லப்படும் நஞ்சைப் பிடிப்பதுதான் கடினம்.

தோற்ற ஒற்றுமையை வைத்து மட்டும் குற்றம் சாட்ட முடியாது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். எம்பிபி+ சுமப்பது ஒரு மின்னூட்டம், பாராகுவாட் சுமப்பது இரண்டு. காம்ப்ளெக்ஸ் ஒன்றை அடைப்பதில் பாராகுவாட்டுக்கு அவ்வளவு திறமை இல்லை. அது இலையில் செய்யும் வேலையையே நரம்பணுவுக்குள்ளும் செய்கிறது: எலக்ட்ரானை ஆக்சிஜனிடம் கடத்திக் கொடுக்கிறது. மூளைக்குள் புகுவதற்கு, அமினோ அமிலங்களை ஏற்றிச் செல்லும் கடத்தியின் முதுகில் சவாரி செய்கிறது. எலிகளுக்கு ஊசி போட்டபோது கரும்பட்டையின் அணுக்கள் குறைந்ததையும், பார்க்கின்சனின் முத்திரையான ஆல்ஃபா-சைநியூக்ளின் புரதம் கூடியதையும் பல ஆய்வகங்கள் 2000-க்குப் பிறகு காட்டின. இந்த வரிசையில் கறை ஒன்றும் உண்டு. பாராகுவாட்டையும் மனெப் என்ற பூஞ்சைக்கொல்லியையும் சேர்த்துக் கொடுத்த சில சோதனைகளில் அணுக்களின் எண்ணிக்கை இட்டுக்கட்டப்பட்டது என்று அமெரிக்க ஆய்வு நேர்மை அலுவலகம் 2012-இல் கண்டறிந்தது. பாராகுவாட் விற்கும் நிறுவனத் தரப்புக்கு அது நல்ல தீனியாயிற்று. நல்லவேளையாக வழக்கு முழுவதும் அந்தச் சோதனைகளின் மேல் நிற்கவில்லை.

காம்ப்ளெக்ஸ் ஒன்றை நேராகவே அடைக்கும் இன்னொரு கொல்லி ரோட்டினோன். டெர்ரிஸ் என்ற கொடியின் வேரிலிருந்து எடுப்பது. வெப்பநாடுகளில் அந்த வேரை நசுக்கி ஆற்றில் கலந்து மீன் பிடித்திருக்கிறார்கள். அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகத்தில் திமதி கிரீனாமைர் குழு எலிகளின் ரத்தத்தில் ரோட்டினோனைச் சிறிது சிறிதாக வாரக்கணக்கில் செலுத்தியது. 2000-இல் வெளியான முடிவு வியப்பூட்டியது. ரோட்டினோன் எல்லா அணுக்களிலும் புகக்கூடியது. வாசல் எதுவும் அதற்குத் தேவையில்லை. ஆனாலும் செத்தவை பெரும்பாலும் டோபமைன் அணுக்கள்தான். அவற்றுக்குள் பார்க்கின்சன் நோயாளியின் மூளையில் காணப்படும் லூயி உருண்டைகளை ஒத்த புரதக் கட்டிகளும் இருந்தன. செடியிலிருந்து வருவது என்பதற்காக இயற்கை விவசாயத் தோட்டங்களில் நெடுநாள் அனுமதிக்கப்பட்டிருந்த மருந்து இது. இயற்கை என்ற சொல்லுக்கு நஞ்சில்லாதது என்று பொருள் இல்லை.

எல்லா அணுவுக்கும் ஒரே அடி விழும்போது இவை மட்டும் ஏன் சாய்கின்றன என்பதற்கு விடை அவற்றின் வாழ்க்கை முறையில் இருக்கிறது. கரும்பட்டையின் ஒரே நரம்பணு கிளை பரப்பி, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளைத் தாங்குகிறது என்பது கணிப்பு. பகல் இரவு பாராமல் துடித்துக்கொண்டே இருக்கிறது. அது தயாரிக்கும் டோபமைனே எளிதில் ஆக்சிஜனோடு சேர்ந்து நச்சாகக்கூடியது. வருமானம் முழுதும் அன்றாடச் செலவுக்கே போய்விடும் குடும்பத்தில் ஒரு மாதச் சம்பளம் தவறினால் என்ன ஆகுமோ, அதுதான் ஆற்றல் குறைந்த நாளில் இந்த அணுவுக்கும் ஆகிறது.

எலியில் நடந்தது மனிதரில் நடக்கிறதா? இதைக் கண்டறிவதில் உள்ள முதல் தடை ஞாபகம். எழுபது வயதில் நோய் வந்தவரிடம், முப்பது வயதில் எந்த மருந்தை அடித்தீர்கள், எத்தனை முறை அடித்தீர்கள் என்று கேட்டால் நேர்மையான பதில் 'தெரியாது' என்பதே. நோய் வந்தவர் காரணம் தேடித் தேடிப் பழசையெல்லாம் நினைவுபடுத்திக்கொள்வார். நோய் வராதவருக்கு அந்தக் கவலை இல்லை. இந்த ஏற்றத்தாழ்வே பொய்யான தொடர்பை உண்டாக்கிவிடும். பல ஆண்டுகள் ஆய்வுகள் இந்தச் சேற்றில்தான் சிக்கிக் கிடந்தன. வெளியே இழுத்தது கலிபோர்னியாவின் அரசுக் காகிதம்.

அந்த மாநிலத்தில் 1974-இலிருந்தே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளைத் தெளித்தவர் கணக்குக் கொடுத்தாக வேண்டும். 1990-இலிருந்து வேளாண்மையில் பயன்படும் எல்லா மருந்துக்கும் அது கட்டாயமாயிற்று. கணக்கில் மருந்தின் பெயர், எத்தனை பவுண்டு, எந்தப் பயிர், எத்தனை ஏக்கர், எந்தத் தேதி, நிலம் எந்தச் சதுர மைல் கட்டத்தில் இருக்கிறது என்பதெல்லாம் இருக்கும். இதைத் தொடங்கியவர்கள் நடுக்குவாதத்தை மனத்தில் வைத்துத் தொடங்கவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பியாட்டே ரிட்ஸ் குழு இந்தப் பதிவுகளை நிலப் பயன்பாட்டு வரைபடத்தோடு இணைத்தது. கெர்ன், ஃப்ரெஸ்னோ, டுலாரி மாவட்டங்களில் நோயாளிகள் 368 பேர், நோயில்லாதவர்கள் 341 பேர். ஒவ்வொருவரும் 1974 முதல் 1999 வரை எந்தெந்த முகவரியில் குடியிருந்தார்கள் என்று வரைபடத்தில் குறித்தார்கள். மருந்தை யாரும் நினைவுகூர வேண்டியதில்லை. வீட்டு முகவரி மட்டும் போதும்.

2009-இல் வெளியான முடிவின்படி, வீட்டிலிருந்து 500 மீட்டருக்குள் பாராகுவாட்டும் மனெப்பும் தெளிக்கப்பட்டிருந்தால் நோய் ஆபத்து 75 சதவீதம் கூடுதலாக இருந்தது. 60 வயதுக்குள் நோய் கண்டவர்களைத் தனியாக எடுத்துப் பார்த்தால், 1974-க்கும் 1989-க்கும் இடையில் இரண்டுக்கும் ஆட்பட்டவர்களிடம் நான்கு மடங்குக்கு மேல். இவர்களில் பலர் தெளிப்பான் தூக்கியவர்கள் அல்ல. பக்கத்து நிலத்தின் காற்றைச் சுவாசித்தவர்கள். இதே குழு 2023-இல் வேறொரு திசையில் போனது. பதிவேட்டில் இருந்த 288 மருந்துகளைச் சலித்து, நோயோடு தொடர்பு காட்டியவற்றில் 39-ஐ எடுத்து, நோயாளியின் தோலணுவிலிருந்து வளர்த்த டோபமைன் நரம்பணுக்களின் மேல் இட்டுப் பார்த்தது. பத்து மருந்துகள் நேரடியாகவே கொன்றன. எண்டோசல்ஃபான், டிரைஃப்ளூரலின் ஆகியவற்றோடு அந்தப் பட்டியலில் காப்பர் சல்ஃபேட்டும் இருந்தது. பாக்குத் தோப்பிலும் திராட்சைத் தோட்டத்திலும் போர்டோ கலவையாக அடிக்கும் மயில்துத்தம்தான் அது. தட்டில் வளர்த்த அணுவில் நடந்தது தோப்புக்காரர் மூளையில் நடக்கும் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எதைத் தேட வேண்டும் என்பதற்கு அது ஒரு முகவரி.

அயோவாவிலும் வடக்குக் கரோலினாவிலும் 1993-இல் தொடங்கிய வேளாண் சுகாதார ஆய்வு இன்னொரு வழியில் ஞாபகச் சிக்கலைத் தாண்டியது. உரிமம் பெற்ற தெளிப்பாளர்கள் 52,000-க்கு மேற்பட்டவர்களையும் அவர்களின் துணைவர்களையும் சேர்த்து, நோய் வருவதற்கு முன்பே என்னென்ன மருந்து பயன்படுத்துகிறார்கள் என்று எழுதி வாங்கியது. அதற்குள்ளிருந்து நோயாளிகள் 110 பேரையும் ஒப்பிட 358 பேரையும் எடுத்து கரோலின் டானர் குழு 2011-இல் வெளியிட்ட கணக்கில், பாராகுவாட் பயன்படுத்தியவர்களுக்கு இரண்டரை மடங்கு, ரோட்டினோன் பயன்படுத்தியவர்களுக்கும் அதே இரண்டரை மடங்கு. ஆய்வகம் கை காட்டிய இரு பொருளும் வயலிலும் ஒரே எண்ணில் வந்து நின்றன.

பிரான்ஸில் விவசாயத் தொழிலாளருக்கென்று தனிக் காப்பீட்டு அமைப்பு உண்டு. அதன் உறுப்பினர்களில் நோயாளிகள் 224 பேரின் பண்ணைகளுக்குத் தொழில் மருத்துவர்களே நேரில் போய், பழைய ரசீதுகளையும் தெளிப்பு நாட்காட்டிகளையும் புரட்டினார்கள். அங்கே முன்னால் வந்தது பாராகுவாட் அல்ல, டிடிடி குடும்பத்து ஆர்கனோகுளோரின் பூச்சிக்கொல்லிகள். ஆண்களிடம் இரண்டு மடங்குக்கு மேல். ஆர்கனோகுளோரின்கள் கொழுப்பில் தங்குபவை, ஆண்டுக்கணக்கில் உடம்பை விட்டுப் போகாதவை.

அப்படித் தங்குவதைக் கண்ணால் பார்த்தது ஹவாய். அங்கே அன்னாசித் தோட்டத்தில் மாவுப்பூச்சியை எறும்புகள் காவல் காத்து வளர்க்கும். எறும்பைக் கொல்ல ஆர்கனோகுளோரின் வகையான ஹெப்டாகுளோரை அடித்துவந்தார்கள். அறுவடைக்குப் பின் அன்னாசித் தழை நறுக்கப்பட்டு மாட்டுத் தீவனமாயிற்று. 1980-களின் தொடக்கத்தில் ஓவாஹு தீவின் பாலில் ஹெப்டாகுளோர் கலந்திருப்பது தெரிந்து பெரும் கலவரமாயிற்று. இதற்கும் வெகு முன்பே, 1965-இல், அத்தீவின் ஜப்பானிய வம்சாவளி ஆண்களை வைத்து இதயநோய் ஆய்வு ஒன்று தொடங்கியிருந்தது. யார் எவ்வளவு பால் குடிக்கிறார் என்பதும் அதில் பதிவாகியிருந்தது. அவர்களில் இறந்தவர்களின் மூளைகள் 449-ஐ ஆராய்ந்த முடிவு 2016-இல் வந்தது. புகைப் பழக்கம் இல்லாதவர்களில், தினம் இரண்டு கோப்பைக்கு மேல் பால் குடித்தவர்களுக்குக் கரும்பட்டையின் அணுக்கள் 41 சதவீதம் குறைவு. அதிகம் குடித்த பத்துப் பேரின் மூளையைச் சோதித்ததில் ஒன்பதில் ஹெப்டாகுளோரின் எச்சம் இருந்தது. பாலே குடிக்காதவர்களில் அது 63 சதவீதம். புகைத்தவர்களிடம் இந்த வேறுபாடு தெரியவில்லை. புகைப்பவர்களுக்குப் பார்க்கின்சன் குறைவாக வருவது வேறு பல ஆய்வுகளிலும் கண்ட விசித்திரம். அதற்காக யாரும் பீடி பற்றவைக்க வேண்டாம்.

எதிர்த்தரப்பும் வெறுங்கையோடு இல்லை. அதே அயோவா, கரோலினா ஆய்வின் நீண்டகாலத் தொகுப்பு 2020-இல் வந்தபோது பாராகுவாட்டுக்கும் நோய்க்கும் மொத்தத்தில் தொடர்பு தெரியவில்லை. தலையில் ஒருமுறை பலத்த அடிபட்டவர்களிடம் மட்டும் அது மூன்று மடங்காக நின்றது. கலிபோர்னியாவிலும் தலைக்காயமும் பாராகுவாட்டும் சேர்ந்தால் ஆபத்து கூடுவது முன்பே தெரிந்திருந்தது. இவற்றையெல்லாம் சேர்த்துப் படித்தால், மருந்து ஒன்றே நோயைக் கொண்டுவருகிறது என்ற எளிய சித்திரம் நிற்காது. முன்பே ஏதோ ஒரு வகையில் பலவீனப்பட்ட மூளையில் மருந்து கூடுதல் சுமை ஏற்றுகிறது என்பதே பொருந்தி வருகிறது.

பலவீனம் பிறப்பிலேயே இருக்கலாம். நச்சுகளைக் கழுவி வெளியேற்றும் நொதிகளில் ஒன்றுக்கான ஜிஎஸ்டிடி1 என்ற மரபணு சிலருக்கு முற்றிலுமாக இல்லை. அப்படிப்பட்ட ஆண்கள் பாராகுவாட் பயன்படுத்தியபோது ஆபத்து பதினொரு மடங்காகவும், மரபணு உள்ளவர்களிடம் ஒன்றரை மடங்காகவும் அமெரிக்க விவசாயிகளிடம் கணக்கிடப்பட்டது. ஆட்கள் குறைவு என்பதால் பதினொன்று என்ற எண்ணை இறுகப் பிடித்துக்கொள்ள முடியாது. இரண்டுக்கும் உள்ள இடைவெளிதான் முக்கியம். மேலும் ஒரு வழி பெனோமில் என்ற பூஞ்சைக்கொல்லியால் தெரியவந்தது. டோபமைன் சிதையும்போது உருவாகும் நச்சுப்பொருளைத் துப்புரவு செய்யும் நொதியை அது முடக்குகிறது. இங்கே மருந்து கொல்வதில்லை, குப்பை அள்ளுபவரை நிறுத்திவைக்கிறது.

இந்த மடங்குகளைப் படித்து அரண்டுபோகவும் கூடாது. அறுபது வயது தாண்டியவர்களில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவருக்குப் பார்க்கின்சன் இருக்கிறது. இரண்டு மடங்கு என்றால் அது நூற்றுக்கு இருவர். காலமெல்லாம் மருந்தடித்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கை நடுங்காமலே காலமாகிறார்கள். உலகெங்கும் நடந்த 104 ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் வெளியான கணக்கு, பாராகுவாட் அல்லது மனெப், மான்கோசெப் வகைப் பூஞ்சைக்கொல்லிகளுக்கு ஆட்பட்டவர்களின் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு என்றது. ஒருவருக்குச் சிறிதான இந்தக் கூடுதல், கோடிக்கணக்கானோர் தெளிக்கும் நாட்டில் சிறிதாக இருப்பதில்லை. உலகில் பார்க்கின்சன் நோயாளிகள் 1990-இல் 25 லட்சம், 2016-இல் 61 லட்சம் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. இதில் பெரும்பகுதி ஆயுள் நீண்டதால் வந்தது. முதுமைக்குரிய பங்கைக் கழித்த பிறகும் ஏற்றம் மிச்சமிருக்கிறது.

கையுறை ஒன்று எவ்வளவு செய்கிறது என்பதும் அயோவா, கரோலினா விவசாயிகளிடம் அளக்கப்பட்டது. கையுறையைப் பாதி நேரத்துக்குக் குறைவாகப் போட்டவர்களிடம் பாராகுவாட்டின் ஆபத்து நான்கு மடங்கை நெருங்கியது. அதற்கு மேல் போட்டவர்களிடம் தொடர்பே தெரியவில்லை. இதை இந்திய வயலுக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும். மருந்து மூடியில் அளக்கப்படுகிறது; புட்டியின் விளிம்பில் வழிந்தது விரலில் இறங்குகிறது. குச்சி கிடைக்காத நேரத்தில் கையாலேயே கலக்கப்படுகிறது. முதுகில் ஏற்றிய தெளிப்பானின் வாஷர் தேய்ந்திருந்தால் சட்டை நனைந்து தோலோடு ஒட்டுகிறது. நாசில் அடைத்தால் வாயால் ஊதிப் பார்ப்பவரும் உண்டு. உச்சி வெயிலில் ரப்பர் கையுறையும் முகமூடியும் போட்டு ஒரு மணி நேரம் நடக்கச் சொல்வது, சட்டம் எழுதும் மேசையிலிருந்து எளிது.

சட்டங்கள் நாட்டுக்கு நாடு வெவ்வேறு காரணம் சொல்லி ஒரே திசையில் நகர்ந்திருக்கின்றன. சுவீடன் பாராகுவாட்டை 1983-இலேயே விலக்கியது. ஐரோப்பிய ஆணையம் 2003-இல் அனுமதி கொடுக்க, சுவீடன் வழக்குப் போட்டு, 2007 ஜூலையில் நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. பார்க்கின்சன் தொடர்பான ஆய்வுகளை ஆணையம் மதிப்பிடாமல் விட்டதும் தீர்ப்பில் சொல்லப்பட்ட குறைகளுள் ஒன்று. சீனா 2016-இல் திரவ வடிவத்தை உள்நாட்டு விற்பனையிலிருந்து எடுத்தது. பிரேசிலும் தாய்லாந்தும் 2020-இல் நிறுத்தின. அமெரிக்கா உரிமம் பெற்றவருக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தி விற்க அனுமதிக்கிறது. பிரிட்டனில் தெளிக்கக் கூடாது என்று ஆன பிறகும் பல ஆண்டுகள், ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்து ஆலையில் பாராகுவாட் தயாராகி வெளிநாடுகளுக்குக் கப்பலேறியது.

பாராகுவாட் பார்க்கின்சனுக்குக் காரணம் என்று எந்த ஆய்வும் நிறுவவில்லை என்பதுதான் அதைத் தயாரித்த சின்ஜென்டா நிறுவனத்தின் மாறாத நிலை. அமெரிக்காவில் அதன்மீது தொடுக்கப்பட்ட வழக்குகள் 2021-இல் இல்லினாய் கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டு, எண்ணிக்கையில் ஐயாயிரத்தைத் தாண்டின. 2024 ஏப்ரலில் நீதிபதி, வழக்குத் தொடுத்தவர்களின் முக்கிய நிபுணர் ஆய்வுகளைத் தெரிந்தெடுத்த முறை சரியில்லை என்று அவர் சாட்சியத்தை ஏற்க மறுத்தார். அடுத்த ஆண்டு, தவறை ஒப்புக்கொள்ளாமலே நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. நீதிமன்றம் கேட்பது, இந்த மனிதருக்கு இந்த மருந்தால் நோய் வந்ததா என்று. புள்ளியியல் சொல்லக்கூடியது, இத்தனை பேரில் இத்தனை பேருக்குக் கூடுதலாக வரும் என்று மட்டும்.

இந்த இடைவெளியை பிரான்ஸ் வேறு வழியில் கடந்தது. 2012-இல் பார்க்கின்சனை விவசாயத் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது. பத்தாண்டு மருந்தோடு வேலை செய்ததைக் காட்டினால் போதும். காரணத்தை நோயாளி நிரூபிக்க வேண்டாம். வேலையை விட்ட ஓராண்டுக்குள் நோய் தெரிய வேண்டும் என்ற விதி, நோயின் மெதுவான நடையோடு பொருந்தாததால், பின்னர் ஏழாண்டாக்கப்பட்டது. ஜெர்மனியின் நிபுணர் குழு 2024 மார்ச்சில் அதே பாதையில் ஒரு பரிந்துரை தந்தது: களைக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி, பூச்சிக்கொல்லி ஆகிய மூன்றில் ஏதேனும் ஒரு வகையைத் தன் கையால் தெளித்த நாட்கள் குறைந்தது நூறு. பழைய பத்தாண்டுகளின் நாட்களுக்கு, அன்று பாதுகாப்புக் குறைவு என்பதால், எடை கூடுதல்.

இந்தியாவில் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம்தான் நடைமுறை. 2011-இல் உச்ச நீதிமன்றம் எண்டோசல்ஃபானை நிறுத்தியது. 2018-இல் பெனோமில், டிரைஃப்ளூரலின் உள்ளிட்டவை தடைப் பட்டியலில் சேர்ந்தன. 2020-இல் மேலும் 27 மருந்துகளைத் தடை செய்ய மத்திய அரசு வரைவு வெளியிட்டபோது அதில் மான்கோசெப் இருந்தது, பாராகுவாட் இல்லை. கேரளம் 2011-லேயே பாராகுவாட்டை விலக்கிவைத்தது. டப்பாவில் சாய்சதுரம் ஒன்று அச்சாகியிருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நஞ்சின் கடுமையைச் சொல்லும். பாராகுவாட்டுக்கு மஞ்சள். இந்த நிறங்களுக்கு அடிப்படை, ஒரே வேளையில் எவ்வளவு போனால் சோதனை விலங்குகளில் பாதி சாகும் என்ற அளவு. சிறிது சிறிதாக இருபது ஆண்டு உள்ளே போனால் என்ன ஆகும் என்பதற்கு அந்தச் சதுரத்தில் இடமில்லை. பச்சை முக்கோணத்தைப் பார்த்து, இது ஒன்றும் செய்யாது என்று கடைக்காரர் சொன்னால், சட்டத்தின் கணக்குப்படி அவர் பெரிதாகத் தவறவில்லை.

மருந்துக் கடைக்காரர் இருப்புப் பதிவேடும் விற்பனைப் பதிவேடும் வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. புட்டி கடையை விட்டு இறங்கியதும் பதிவு முடிந்துவிடும். எந்தச் சர்வே எண்ணில், எந்தத் தேதியில், எத்தனை டேங்க் அடித்தது, அடித்தவர் யார் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லும் சட்டம் இல்லை. அடிப்பவர் பெரும்பாலும் நிலத்துக்காரர் அல்ல, கூலிக்கு வருபவர். பல ஊர்களில் கூலி டேங்குக் கணக்கில். ஒரு பருவத்தில் அவர் ஊர் முழுக்க இறங்கும் வயல்களைக் கூட்டினால் ஜெர்மனி கேட்கும் நூறு நாள் சில ஆண்டுகளிலேயே நிறைந்துவிடும். அன்றைய டேங்குகளின் எண்ணிக்கை கூலி கை மாறும்வரை இருவர் நினைவிலும் இருக்கும். அறுபது வயதில் கை நடுங்கி நரம்பியல் மருத்துவரிடம் போய் உட்காரும்போது, சீட்டில் தொழில் என்ற இடத்தில் விவசாயக் கூலி என்று எழுதப்படும்.